நெயில் பாலீஷ் வைத்த மூடி

பழைய புல்லட் கிளம்பவில்லை என்றால் முதலில் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள் சார். முப்பத்தொன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், பத்துப் பேரில் நாலு பேர் அதைப் பார்ப்பதில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கடைக்கு வருவார்கள், 'காயில் போயிருச்சு போல முனீரு' என்று எனக்கே பாடம் எடுப்பார்கள். குனிந்து பார்த்தால் பெட்ரோல் குழாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

பெட்ரோல் சரி என்றால் அடுத்தது பிளக். அதைக் கழற்றி, வயரோடு என்ஜின் மேல் சாய்த்து வைத்து ஓர் உதை விட்டால் பொறி விழுவது தெரியும். நீலமாக விழுந்தால் கரண்டில் குறை இல்லை. மஞ்சளாக, இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று விழுந்தால் கோளாறு பின்னால் இருக்கிறது. பின்னால் என்றால் மூன்றே சாமான்தான்: காயில், பாயிண்ட், கண்டென்சர். காயில் அநேகமாகப் போகாது. பாயிண்ட் கண்ணுக்குத் தெரியும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம். கண்டென்சர்தான் விவகாரமான ஆசாமி. சுண்டுவிரல் நுனி அளவு தகர டப்பி. வெளியே இருந்து பார்த்தால் நல்லதும் கெட்டதும் ஒன்று போலவே இருக்கும். கெட்டுப்போனதில் ஒரு ரகம் உண்டு. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும், சூடானால் படுத்துவிடும், அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மறுபடி வேலை செய்யும். இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் திண்டுக்கல்லில் இப்போது நான் ஒருவன்தான்.

ரைட்டர் அம்மா சகாயசெல்வி இதையும் கம்ப்யூட்டரில் அடிக்கிறார்களா? அடிக்கட்டும், இது தேவைப்படும். உம்மு சல்மா முந்தாநாள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து கொடுத்த மனுவை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். 'என் கணவர் அப்துல் லத்தீப் மரணத்துக்கு நானே காரணம். அவருக்குத் தெரியாமல் மெக்கானிக் முனீரிடம் சொல்லி அவர் வண்டியைக் கெடுக்கச் சொன்னேன். கெட்டுப்போன வண்டியை உதைத்து உதைத்துத்தான் அவர் நெஞ்சு நின்றுபோனது. எனக்குத் தண்டனை கொடுங்கள்.' நீங்கள் நல்ல மனிதர் சார். புருஷன் போன துக்கத்தில் அந்த அம்மா ஏதோ உளறுகிறார்கள், ஆஸ்பத்திரிச் சீட்டில் மாரடைப்பு என்று தெளிவாக இருக்கிறது, 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள் பாய் என்றீர்கள்.

போட்டிருக்கலாம். பேனாவைக்கூடக் கையில் வாங்கிவிட்டேன். ஆனால் அந்த மனுவில் ஒரு தப்பு இருக்கிறது. தான் செய்யாத வேலையைத் தான் செய்ததாக அந்த அம்மா எழுதியிருக்கிறார். அந்த வீட்டில் அது வழக்கம்தான். அதனால் உட்கார்ந்து விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்துல் லத்தீபை உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து மூன்று மாதம்தானே ஆகிறது. பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்தவர். மண்டியை மருமகன் ஃபயாஸ் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கும்போது, அறுபது வயதில் அவருக்குத் திடீரென்று பழைய வண்டி ஆசை வந்தது. வசதி இருந்து வேலை இல்லாமல் போனால் வருகிற வியாதி அது. சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகையில் எழுபத்திரண்டாம் வருடத்து புல்லட் ஒன்றைப் பிடித்து, குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டுவந்து என் கடை வாசலில் இறக்கினார். டூல் பெட்டிக்குள் கோழி முட்டையிட்டிருந்தது. 'இதுக்கு உசிரு குடுத்துரு முனீரு' என்றார்.

கொடுத்தேன். பதினாலு மாதம் ஆனது. அந்தப் பதினாலு மாதமும் தினம் காலை பதினோரு மணிக்கு வந்து என் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்வார். 'இது என்னப்பா, இது எதுக்குப்பா' என்று ஓயாத கேள்வி. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லச் சொல்ல, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி அதில் எழுதிக்கொள்வார். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் கேட்டால் பதினாலை எடுத்து நீட்டுவார். எழுதி எழுதி என்னத்தைக் கிழித்தாரோ என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். மண்டையில் ஒன்றும் ஏறாத மனிதர் என்று முதல் வாரமே முடிவு கட்டிவிட்டேன்.

என் கடையில் ஒரு சட்டம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நான் பாயிண்ட் செட் செய்து, கண்டென்சரும் உள்ளே இருக்கிற அந்த மூடியைப் போட்டால், மூடியின் இரண்டு ஸ்க்ரூ தலையிலும் என் மகள் இஃப்பத்தின் சிவப்பு நெயில் பாலீஷில் ஆளுக்கு ஒரு சொட்டு வைப்பேன். வேறு எவன் திருப்புளி பட்டாலும் பாலீஷ் உடைந்துவிடும். உடைந்தால் அந்த வண்டியை அப்புறம் நான் தொட மாட்டேன். காலேஜ் வாத்தியார் செழியன் ஒருமுறை யூடியூப் பார்த்துவிட்டு மூடியைத் திறந்து நோண்டியிருந்தார். சாவியை அவர் சட்டைப் பையிலேயே போட்டு அனுப்பிவிட்டேன். மூன்று வருடமாகிறது, இன்றுவரை தன் வண்டியை மதுரைக்கு ஏற்றிக்கொண்டு அலைகிறார். லத்தீப் பாய் இந்தக் கதையைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். 'நம்ம முனீரு வச்ச பொட்டுல எவனும் கை வைக்கக்கூடாதப்பா' என்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

பெருமை வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் இருந்தவரை சரி. ஜனவரியில் பழைய வண்டிக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில் கண்காட்சி வைத்தார்கள். நம்ம ஊர் வெயிலில் தோல் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நிற்கிற கூட்டம், பார்க்கவே பாவமாக இருக்கும். லத்தீப் பாய் வண்டிக்கு முதல் பரிசு. கொடுக்காமல் இருக்க முடியாது, அந்த மாதிரி வேலை அது. மைக்கை அவர் கையில் கொடுத்தபோது நான் வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்து சைலன்சரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

'ஒவ்வொரு நட்டா நானே கழட்டி நானே மாட்டுனதுங்க' என்றார்.

'மெக்கானிக்கே இல்லையா பாய்?' என்று யாரோ கேட்டார்கள்.

'கூடமாட ஒத்தாசைக்கு நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்.'

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு ஐம்பத்தேழு வயது சார். பையன் பாட்டுக்கு சைலன்சரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேடயத்தை வாங்கிக்கொண்டு வந்தவர், 'செத்த நேரம் பிடி' என்று அதை என் கையில் கொடுத்துவிட்டு, வண்டிமேல் ஏறி உட்கார்ந்து போட்டோவுக்குப் போஸ் கொடுத்தார். மறுநாள் காலை பதினோரு மணிக்கு வழக்கம்போல் வந்து ஸ்டூலை இழுத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறைக்கவில்லை, மறந்தும் போகவில்லை; சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை. அன்றைக்குத்தான் அந்த மனிதரை மனதார வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே டீ சொல்லிவிட்டேன்.

இதற்காகவா என்று உங்கள் முகம் கேட்கிறது. இதற்காக யாராவது ஓர் ஆளைக் கொல்லுவார்களா என்று நானும்தான் நினைத்தேன். அதனால் ஒன்றும் செய்யவில்லை. வேலை தானாகத் தேடி வந்தது.

பிப்ரவரியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். கனம் தூக்கக்கூடாது, மாடி அதிகம் ஏறக்கூடாது, வண்டி உதைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம். பாய் கேட்கிற ஆளா. 'மத்த வண்டியப் பத்தி என்ன வேணும்னாலும் சொல்லுங்க டாக்டர், என் வண்டிக்கு ஒரே உதைதான்' என்றாராம். உண்மைதான். நான் செட் செய்த வண்டி. குழந்தை உதைத்தாலும் கிளம்பும். ஆனால் அதையும் 'என் வண்டி' என்றுதான் சொன்னார்.

நோன்பு மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுகைக்கு அப்புறம் உம்மு சல்மா கடைக்கு வந்தார். கையில் கஞ்சித் தூக்கு. அவர் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தூக்கை வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

'அண்ணே, அவுக யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாக. மக ஷமா அழுது பாத்துட்டா, மருமகன் சாவிய ஒளிச்சு வச்சுப் பாத்துட்டாரு. வண்டி கெளம்பாமப் பண்ணிவிட்ருங்கண்ணே. அவுகளுக்குத் தெரிய வேணாம். சாமான் கெடைக்கலைன்னு சொல்லி உங்க கடையிலயே போட்டு வச்சிருங்க. ஒரு வருசம் போயிருச்சுன்னா ஆசையும் விட்டுப்போயிரும். ஒங்களத்தான் நம்பி வந்திருக்கேன்.'

நல்ல யோசனை சார். நான் அந்த அம்மாவைக் குறை சொல்லவே மாட்டேன். அந்தக் குடும்பத்தில் மூளை இருந்தது அவர் ஒருவருக்குத்தான். காயில் வயரைக் கழற்றிவிட்டால் வீட்டு வாசலிலேயே வண்டி நின்றுவிடும். ரெண்டு உதை உதைத்துவிட்டு எனக்குப் போன் போடுவார், நான் தள்ளிக்கொண்டு வந்துவிடுவேன். சாமான் வரவில்லை என்று ஒரு வருடம் இழுப்பதெல்லாம் எங்களுக்குக் கைவந்த கலை. அவர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். உம்மு சல்மா கேட்டது அவ்வளவுதான். 'பாத்துக்கிறேன், நீங்க கவலைப்படாமப் போங்க' என்றேன். கஞ்சி நன்றாக இருந்தது.

அந்த அம்மா போன பிறகு என் முகப்பவுடர் டப்பாவை எடுத்தேன். செத்த சாமான்களில் விசேஷமானதை அதில் போட்டு வைப்பேன். அதில் ஒரு கண்டென்சர் இருந்தது. நெய்க்காரப்பட்டிக் கரும்புக்காரர் ஒருவர் வண்டியில் இருந்து கழற்றியது. 'ஏனுங்க பாய், காலைல நல்லா ஓடுதுங்க, வெயில் ஏறுனா நின்னுக்குதுங்க' என்று வந்தார். அந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் மூன்று பேர் அவருக்கு மூன்று காயில் மாற்றியிருந்தார்கள். நான் ஒரே மத்தியானத்தில் பிடித்துவிட்டேன். அதைத் தோசைக்கல்லில் வைத்துச் சூடு காட்டி மீட்டரில் பார்த்தேன். நான் நினைத்தபடியே சூடு ஏறியதும் படுத்தது. தோசைக்கல்லை நன்றாகக் கழுவி வைத்தேன். அப்புறம் கடையில் கிடந்த இன்னொரு வண்டியில் மாட்டி வத்தலக்குண்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். செம்பட்டி தாண்டி ஆத்தூர் ரோட்டில் திரும்பிச் சிறிது தூரம் போனதும் நின்றது. இருபத்தைந்து நிமிடம் ஆறவிட்டதும் கிளம்பியது. மறுநாளும் ஓட்டினேன், அதே இடம்தான்.

பெருநாளுக்குப் பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில் பழைய வண்டிச் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் ஆத்தூர் அணைக்கு வண்டி ஓட்டிப் போவதாக ஏற்பாடு. லத்தீப் பாயும் பேர் கொடுத்திருந்தார். ஆகவே பெருநாளுக்கு முந்தின வாரம் ஆயில் மாற்றுவதற்கு வண்டி வந்தபோது, நல்ல கண்டென்சரைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். மூடியைப் போட்டு, ஸ்க்ரூ தலையில் பாலீஷ் வைத்து, காயும் வரை ஊதினேன்.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். உம்மு சல்மா கேட்டது கிளம்பாத வண்டி. நான் கொடுத்தது கிளம்புகிற வண்டி. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால்தான் யார் செய்த வேலை என்று தெரியும்.

இடையில் இரண்டு தடவை அவருக்கு நின்றது. கடைக்கு வந்து, 'சூடானா நிக்குது முனீரு, ஆறுனா ஓடுது' என்றார். கோளாறு முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டார், ஆனால் அது என்ன என்று அவருக்குத் தெரியாது அல்லவா. 'அது ஏர் அடைப்பு பாய். நின்னா ஆறவிடாதீங்க, ஆறுனா ரிங் ஒட்டிக்கிட்டு என்ஜினே போயிரும். விடாம உதைங்க, கெளம்பிரும்' என்றேன். வாயில் வந்த கதை. ஒண்ணாம் நம்பர் முட்டாள்கூட அதை நம்ப மாட்டான். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒருநாள் மறுபடியும் வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை. சட்டைப் பையைத் தடவிக்கொண்டே நின்றார். 'ஒண்ணு சொல்லணும் முனீரு, தப்பா எடுத்துக்க மாட்டியே' என்றார். நான் கார்புரேட்டரில் இருந்து தலையைத் தூக்கவில்லை. சங்கதி இப்போதுதான் உறைத்திருக்கிறது, ஜனவரியில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. 'இல்ல, ஒண்ணுமில்ல விடு. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குக்கூட வாய் வரவில்லை பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பினார்கள். பதினோரு வண்டி. சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு: மெக்கானிக் கடைசியில் வர வேண்டும். அதனால் முன்னால் போகிறவன் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். யார் நின்றாலும் முனீர் பார்த்துக்கொள்வான் என்று அணைக்கட்டுக்குப் போய் மீன் வறுவல் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பாய் எப்போதும் மெதுவாகப் போகிறவர். அவருக்குப் பின்னால் என் மொபெட். செம்பட்டியில் எனக்கு ஒரு சாமான் வாங்க வேண்டும், நீங்க போய்க்கிட்டே இருங்க, வாரேன் என்று சொல்லிப் பின்தங்கினேன்.

நான் சொன்ன இடத்தில்தான் வண்டி நின்றது. ஒரு ஐம்பது அடி முன்பின் இருக்கலாம். ஒன்பதரை மணி, ஏப்ரல் வெயில், அந்தப் பக்கம் சம்பங்கித் தோட்டம், இந்தப் பக்கம் ஒரு வேப்பங்கன்று. நான் இருநூறு அடி பின்னால், வளைவில், பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன். உதைப்பது நன்றாகத் தெரிந்தது. இருபத்தாறு உதை வரை எண்ணினேன். அப்புறம் வண்டியை விட்டுவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு வேப்பங்கன்று நிழலில் போய் உட்கார்ந்தார்.

அப்படியே உட்கார்ந்திருந்தால் இருபத்தைந்து நிமிடத்தில் வண்டி கிளம்பியிருக்கும். அவரும் அணைக்குப் போயிருப்பார். அதனால் நான் போன் போட்டேன். என் போன் கணக்கை எடுத்துப் பாருங்கள், ஒன்பது ஐம்பத்திரண்டு.

'வண்டி ஓடுதா பாய்?'

'இல்லப்பா, நின்னுருச்சு. மூச்சு வாங்குது. செத்த நேரம் உக்காந்திருக்கேன்.'

'ஆறவிட்றாதீங்க பாய். பெறகு என்ஜின் புடிச்சுக்கும், பதினாலு மாச வேலையும் போச்சு. நான் வர ஒரு மணி நேரமாகும்.'

அவர் வண்டியைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. அப்புறம், 'முனீரு, மூடியத் தொறந்து பாக்கட்டுமா?' என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. திறந்து என்ன செய்வார்? கண்டென்சருக்கும் கிராம்புக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். 'தொறங்க பாய், ஒங்க வண்டி, நான் என்ன சொல்றது. ஆனா பெறகு என்கிட்ட கொண்டு வராதீங்க' என்றேன்.

'சேச்சே, கோவிச்சுக்காத. தொறக்கல. உதைக்கிறேன்' என்றார்.

எழுந்து வந்து உதைத்தார். பதினேழு. மொத்தம் நாற்பத்து மூன்று. கடைசி உதைக்குக் கால் பாதிதான் இறங்கியது. ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே மெதுவாகச் சரிந்தார். வண்டி கீழே விழவில்லை, ஸ்டாண்டில் நன்றாக நின்றது. நான் ஒரு டீ குடிக்கிற நேரம் பாலத்திலேயே இருந்துவிட்டு, பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, நூற்றெட்டுக்குப் போன் செய்தேன். அதை உம்மு சல்மா இன்றைக்கும் எல்லாரிடமும் நன்றியோடு சொல்லுகிறார். ஆம்புலன்ஸ் போன பிறகு வண்டியை உதைத்தேன். அதற்குள் கண்டென்சர் ஆறியிருந்தது, ஒரே உதையில் கிளம்பியது. மொபெட்டை ஒரு தோட்டத்தில் விட்டுவிட்டு புல்லட்டை நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். பேகம்பூரில் அவர் வீட்டு வாசலுக்கு வந்ததும் தானாக நின்றது. அடக்கத்துக்குச் சந்தூக்குப் பெட்டி தூக்க நானும் தோள் கொடுத்தேன்.

புருஷன் போனதற்கு அந்த அம்மா இத்தா இருந்தார், நாலு மாதம் பத்து நாள். அதில் முதல் வாரமே மகள் ஷமாவிடம் சொல்லி அனுப்பினார்: 'நான் சொன்னத முனீர் அண்ணன் செஞ்சாரா?' ஷமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டதை அப்படியே வந்து கேட்டாள். செஞ்சேன்னு சொல்லு என்றேன். பொய் சொல்லவில்லையே. இத்தா இருக்கும் பெண்ணுக்கு வெளியே போக முடியாது, அறைக்குள் உட்கார்ந்து யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை, பாதி உடம்பாகிவிட்டார் என்று ஃபயாஸ் சொன்னான். இப்போது இத்தா முடிந்ததும் முதல் வேலையாக உங்களிடம் வந்திருக்கிறார்.

அந்த அம்மா மேல் எனக்கு இரக்கம் உண்டு. செய்யாத பாவத்துக்கு அவர் நரகம் வரை நடப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் கையெழுத்துப் போட முடியாது. அதனால்தான் சொல்கிறேன். மற்றபடி, கண்டென்சரைத் தேர்ந்தெடுத்தது, சூடு பார்த்தது, தூரம் அளந்தது, ஆள் அறிந்து ஆலோசனை சொன்னது எல்லாம் ஒரே ஆள் வேலை. வண்டியைக் கெடுக்கச் சொன்னேன் என்று அந்த அம்மா ஒற்றை வரியில் எழுதினால் எப்படி? வண்டி கெடவே இல்லை. அப்துல் லத்தீபைக் கொன்றது நான். கூடமாட ஒத்தாசைக்குக்கூட ஆள் கிடையாது. பெயரைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள்: முனீர் அகமது, தகப்பனார் பெயர் மன்சூர்.

நிரூபிப்பது சுலபம். வண்டியை வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள், வரும்போதே பார்த்தேன். மூடியில் பாலீஷ் இரண்டும் உடையாமல் இருக்கின்றன. என்னைத் தவிர ஒருவனும் தொடவில்லை. திருப்புளி கொடுத்தால் உங்கள் முன்னாலேயே திறந்து, அந்தக் கண்டென்சரைக் கழற்றித் தருகிறேன். ஒரு தோசைக்கல்லும் வரவழையுங்கள்.

இது என்ன சார்? வண்டியின் டூல் பெட்டியில் இருந்ததா? எனக்குத் தெரியாது. நான் அதைத் திறக்கவில்லை.

காகிதத்தில் சுற்றியிருக்கிறது. அவருடைய சின்ன நோட்டுத் தாள்தான். உள்ளே கண்டென்சர், புதுசு. ஆறு வோல்ட் வண்டிக்கு உள்ளது, சரியான சாமான். மதுரைக் கடை ரசீது. தேதி... அவர் இறப்பதற்குப் பதினோரு நாள் முன்னால். கூடவே ஒரு சின்ன திருப்புளி.

எழுதியிருப்பதைப் படிக்க வேண்டுமா? படிக்கிறேன். 'சூடானால் நிற்கிறது. ஆறினால் ஓடுகிறது. பிளக்கில் பொறி மஞ்சள். கண்டென்சர்தான். முனீரிடம் பக்குவமாகச் சொல்லணும், மனசு நோகக் கூடாது. அவன் கையாலேயே மாட்டட்டும்.'

கையெழுத்து அவருடையதுதான்.

அன்றைக்கு மூடியைத் திறக்கட்டுமா என்று கேட்டபோது இது அவர் பெட்டியில் இருந்திருக்கிறது. இரண்டு ஸ்க்ரூ. ஐந்து நிமிட வேலை. பாலீஷ் போனால் போகிறது என்று திறந்திருக்க வேண்டும், எந்த மனிதனும் திறந்திருப்பான். கோவிச்சுக்காதே என்று சொல்லிவிட்டுப் போய் உதைத்தார்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

கண்டுபிடித்தது சரிதான் சார், அதில் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அவராகக் கண்டுபிடித்திருக்க மாட்டார். மதுரையில் கடைக்காரன் எவனாவது சொல்லிக்கொடுத்திருப்பான். ரைட்டர் அம்மா, அதையும் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள்.